அடுத்த முறை வரை

சனிக்கிழமை என்றால் மதியம் ஒரு மணிக்கே கண்ணாடிக் கடையை மூடிவிடுவேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்னால் கண் பரிசோதனை அறையில் இருக்கும் லென்ஸ் பெட்டிகளை அலமாரி மேல் ஏற்றி, நீள மேசையைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டால் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். எழுத்துப் பலகையின் விளக்கை மட்டும் அணைப்பதில்லை. பகடையில் விழுந்த எண் தெரிய வேண்டுமே.

நாங்கள் ஆடுவதை வெளியாட்களுக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நுழைவார்கள். "பாலத்து மேல ஒரு மிருகம் நிக்குது, என்ன பண்றீங்க?" என்பார் கதை சொல்பவர். வெட்டுகிறேன், ஓடுகிறேன், பேசிப் பார்க்கிறேன் என்று நாம் சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். என் மனைவி ஒரு தடவை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டாள். இதில் யாரும் ஜெயிப்பதில்லை என்றேன். "அப்ப எதுக்கு இவ்வளவு சத்தம்?" என்றாள்.

சத்தம் பெரும்பாலும் இரண்டு பேருடையது. அக்காவும் தம்பியும். நிஜமாகவே கூடப் பிறந்தவர்கள், ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருப்பவர்கள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஆட்டத்தை நடத்துபவன் அவன்தான். அந்த வேலைக்கு நடத்துனர் என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்த அன்றே அவன் கண்டக்டர் ஆகிவிட்டான். அக்கா, சட்டப் புத்தகங்களும் அரசு அறிவிப்புகளும் அச்சாகும் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எனக்கு அவரைவிட ஏழு வயது கூட. ஆனாலும் தம்பி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நானும் அக்கா என்றே பழகிவிட்டேன். அவரும் அதற்கேற்ற அதிகாரத்தோடுதான் என்னிடம் நடந்துகொள்வார்.

நாலாவது ஆள் நர்ஸ். எட்டு மாதம் முன்பு புதுக் கண்ணாடி போட வந்தவள், மேசை மேல் கிடந்த பகடையைப் பார்த்து என்னவென்று கேட்டாள். அடுத்த சனிக்கிழமையே வந்து உட்கார்ந்தாள். தம்பி அவளை "சிஸ்டர்" என்பான். அவன் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அக்கா ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். நர்ஸ் அதிகம் பேச மாட்டாள். ஆனால் எங்களில் விதிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்த ஒரே ஆள் அவள்தான்.

விதிகள் என்றால் ஒரு நோட்டு. மூல புத்தகம் வேறு மொழியில் இருந்தது. ஆறு வருடம் முன்பு அக்கா அதை முழுக்கத் தமிழில் எழுதினார். புத்தகம் அவருடைய அப்போதைய கணவருடையது. அவர் நில அளவையாளர். இந்தக் கூட்டத்தை ஆரம்பித்ததே அவர்தான். நாலு வருடம் முன்பு இரண்டு பேரும் பிரிந்தார்கள். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது புத்தகமும் கூடப் போனது; நோட்டு எங்களிடம் தங்கியது. அவர் பெயரை அக்கா சொல்வதில்லை. "முன்னாள்" என்பார், ஏதோ அமைச்சரைச் சொல்வதுபோல.

இனி சண்டைக்கு வருகிறேன்.

கதைக்குள் சண்டை வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தக் கூடாது என்பதற்காக ஒரு வரிசை உண்டு. ஆரம்பத்தில் ஆளாளுக்குப் பகடை உருட்டுவோம். பெரிய எண் வந்தவர் முதலில், சின்ன எண் கடைசியில். ஒருவர் செய்வதைச் செய்து முடித்தால் அது அவருடைய முறை. எல்லோருக்கும் ஒரு முறை வந்து போனால் ஒரு சுற்று. பிறகு மறுபடி முதல் ஆளிடமிருந்து. இவ்வளவுதான். முதல் நாள் இதைக் கேட்டபோது, "எனக்குத் தெரிஞ்ச முறையெல்லாம் மாமன் முறை, மச்சான் முறைதான்" என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அன்று பாலத்தின் மேல் நாலு கை மிருகம். அக்காவின் கேடயக்காரிக்குப் பதினெட்டு விழுந்தது. மிருகத்துக்குப் பதினைந்து. நர்ஸின் வைத்தியப் பெண்ணுக்குப் பதினொன்று. வில்லாளியான எனக்கு ஆறு. கண்ணாடிக் கடைக்காரன் வில்லாளியாக இருப்பதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். குறி தவறும் ஒவ்வொரு தடவையும் பவரை மாற்றச் சொல்வார்கள்.

முதல் சுற்றில் அக்கா "அரண்" போட்டார். கேடயத்தைத் தரையில் ஊன்றி, தன்னையும் பக்கத்தில் நிற்கும் ஒருவரையும் மறைப்பது. பக்கத்தில் நின்றது வைத்தியப் பெண். மிருகம் அடித்தது, அடி கேடயத்தில் பட்டுத் தெறித்தது. நர்ஸ் என் பழைய காயத்துக்குக் கட்டுப் போட்டாள். நான் அம்பு விட்டேன், படவில்லை.

இரண்டாவது சுற்று. முதலில் அக்கா.

"நான் காத்திருக்கேன்" என்றார். விதிப்படி அதற்கு இடம் உண்டு. தன் முறை வரும்போது அதை எடுக்காமல் வைத்திருந்து, அதே சுற்றில் பிறகு எடுத்துக்கொள்ளலாம். "சிஸ்டர் முறை முடிஞ்சதும் நான் எடுத்துக்கறேன். அவங்க பின்னாடி போயிடுவாங்க. அப்புறம் நான் தாராளமா வெட்டலாம்."

"சரி" என்றான் தம்பி. "அடுத்து மிருகம். வைத்தியரை அடிக்குது."

"அடிக்கட்டும். அரண் இருக்கே."

"இல்லை."

"என்னது இல்லை?"

"அரண் இல்லை. உங்க முறை வந்துச்சு. அரண் போயிடுச்சு."

ஆட்டத்தில் அவன் அக்காவையும் "நீங்க" என்றுதான் சொல்வான். மேசையில் அக்காவும் கிடையாது தம்பியும் கிடையாது என்பது அவன் கொள்கை. அந்தக் கொள்கை அன்று சுமார் இரண்டு நிமிடம் தாங்கியது.

அக்கா நோட்டைப் புரட்டினார். அவருடைய கையெழுத்தேதான்: அரண் அடுத்த முறை வரை நிற்கும்.

"பாரு. அடுத்த முறை வரை. நான் இன்னும் முறையை எடுக்கவே இல்லை."

"எடுக்கலன்னா? முறை வந்துச்சுல்ல? வரைன்னா வர்ற வரைக்கும். வந்தாச்சு. வேணாம்னு தள்ளி வெச்சது நீங்க."

"வரைன்னா முடியற வரைக்கும்னும் சொல்லலாம். பத்தாம் பக்கம் வரை படிச்சுட்டு வான்னா பத்தாம் பக்கத்தை விட்டுட்டா வருவ?"

"கதவு வரை போனேன்னா கதவுக்குள்ள போனேன்னு அர்த்தமா?"

"டேய், எழுதினது நான். என்ன நினைச்சு எழுதினேன்னு எனக்குத் தெரியாதா?"

"நினைச்சதை வெச்சு ஆட முடியாதுக்கா. எழுதினதை வெச்சுத்தான் ஆட முடியும். உன் அச்சகத்துல அப்படித்தானே?"

அது சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். அக்கா எழுந்து நின்றுவிட்டார். நான் நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் இப்படி முறைச்சுக்கிட்டா ஆட்டத்துல யாரு முறைன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. பிறகு நானும் கட்சி சேர்ந்தேன். அக்கா பக்கம். இவ்வளவு புத்திசாலித்தனமாக யோசித்தவருக்கு ஏதாவது கிடைக்கத்தான் வேண்டும் என்று பட்டது. சாதாரணமாக வெட்டியிருந்தால் அரண் எப்படியும் விலகியிருக்கும். காத்திருந்ததால் அரணும் நிற்கிறது, வெட்டும் கைவசம் இருக்கிறது என்பது அவர் கணக்கு. தம்பிக்கு உறுத்தியதும் அதுதான். "சும்மா நிக்கறவங்களுக்கு ரெண்டு லாபம், சண்டை போடறவங்களுக்கு ஒண்ணா?"

நாற்பது நிமிடம் போனது. நான் இரண்டு தடவை தேநீர் வைத்தேன். கடைசியில் தம்பி, நடத்துனர் முடிவே இறுதி முடிவு என்ற வரியைக் காட்டினான். அதுவும் அக்கா எழுதியதுதான். மிருகத்தின் அடி பதினாலு. வைத்தியப் பெண்ணுக்கு மிச்சமிருந்த உயிர் ஒன்பது.

"விழுந்துட்டாங்க" என்றான் தம்பி.

அக்கா நோட்டை மூடினார். "போதும். இன்னைக்கு இதுக்கு மேல என்னால முடியாது."

நர்ஸ் தன் பகடைகளைச் சின்ன மருந்து டப்பாவில் போட்டு மூடினாள். ஆறு மணிக்கு டியூட்டி என்று சொல்லிவிட்டு, ஷட்டருக்கு அடியில் குனிந்து போனாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. 'இந்த வாரம் முடியாது' என்று மட்டும் செய்தி வந்திருந்தது. எந்தக் காரணமும் இல்லை. அவள் எப்போதும் காரணம் எழுதுகிற ஆள்.

மூன்று பேர் உட்கார்ந்தோம். தம்பி தொடரலாம் என்றான். அக்கா முடியாது என்றார்.

"அவ ஆளைக் கொன்னுட்டு அவ இல்லாமலே மேல போறதா? நல்லா இருக்கு."

"நான் கொல்லலக்கா. மிருகம் கொன்னுச்சு."

"மிருகத்துக்குச் சம்பளம் குடுத்து வெச்சிருக்கறது நீதானே?"

அவர்கள் வீட்டில் அந்த வாரம் பேச்சுவார்த்தை எப்படி இருந்ததென்று தம்பி சொல்லித் தெரிந்துகொண்டேன். தண்ணீர் மோட்டார் போடவா என்று கேட்கக்கூட அக்கா மாடிப்படியில் சீட்டு ஒட்டினாராம். சீட்டில் நிறுத்தக்குறி எல்லாம் சரியாக இருந்ததாம்.

ஆனால் அக்காவுக்கு உண்மையில் தம்பி மேல் கோபம் இல்லை என்று எனக்குப் பட்டது. புதன்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் ஃப்ரேம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஆபீஸ்ல ஒரு விதி இருக்கு, தெரியுமா?" என்றார். "தேதி போட்டு வரைன்னு யாராவது எழுதினா அடிச்சுட்டு, அந்தத் தேதி உட்படன்னு எழுதணும். முன்னாடி ஒரு தடவை விண்ணப்ப அறிவிப்புல பதினஞ்சாம் தேதி வரைன்னு போட்டு, பதினஞ்சாம் தேதி வந்தவங்களையெல்லாம் திருப்பி அனுப்பி, பெரிய ரகளையாயிடுச்சு. அதுக்கப்புறம் வந்த விதி. நானே நூறு பேருக்குச் சிவப்பு மையில அடிச்சிருக்கேன். என் நோட்டுல நானே அப்படி எழுதி வெச்சிருக்கேன் பாருங்க."

"ஆறு வருஷமா யாரும் கவனிக்கலையே."

"ஆறு வருஷமா யாரும் அரண் போட்டுட்டுக் காத்திருக்கல. இவ்வளவு புத்தி எனக்கு மட்டும்தான் வந்துச்சு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னது என்னை நம்பித்தான்."

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். முன்னாளுக்குப் போன் செய்ய வேண்டும். மூல புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். வீட்டிலிருந்து செய்தால் தம்பி காதில் விழும். ஆபீசிலிருந்து செய்தால் ஆபீஸ் முழுக்கக் காது. இங்கே ஒரு சாட்சியும் இருக்கும். "நான் பாட்டுக்கு எனக்குச் சாதகமா கேட்டுக்கிட்டேன்னு அவன் சொல்லக் கூடாது பாருங்க."

ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். நாலாவது மணியில் எடுத்தார் அவர்.

"என்ன, ஏதாவது பிரச்சினையா?" என்பதுதான் முதல் வார்த்தை.

"பிரச்சினை எல்லாம் இல்லை. அந்தப் புத்தகம் வெச்சிருக்கீங்களா?"

"எந்தப் புத்தகம்?"

"நம்ம... ஆட்டப் புத்தகம்."

"நீங்க இன்னும் ஆடறீங்களா? கடையிலயா?"

நான் வணக்கம் சொன்னேன். அவர் நலம் விசாரித்தார். என் வில்லாளி உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார். இருக்கிறான், இன்னும் எதன் மேலும் படவில்லை என்றேன். சிரித்துவிட்டு, இருங்கள் என்று எழுந்து போனார். அட்டைப்பெட்டி இழுக்கும் சத்தம், நாடா கிழிக்கும் சத்தம் எல்லாம் கேட்டது. அவர் அதைப் பிரிக்கவே இல்லை போலிருக்கிறது. நாலு வருடம். அக்கா மேசையிலிருந்த லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"சொல்லு. எந்த இடம்?"

"காத்திருத்தல். சண்டை அத்தியாயம். எண்பத்து மூணாம் பக்கக் கடைசியில ஆரம்பிக்கும்."

அவர் முதலில் மூலத்தை அப்படியே படித்தார், பிறகு தமிழில் சொன்னார். காத்திருப்பவர் தன் முறையைத் தள்ளிவைக்கலாம், அதே சுற்றில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இதெல்லாம் எங்கள் நோட்டில் இருக்கிறது. அக்கா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த அத்தியாயம். காயம்... இல்லை, இரு. எண்பத்து மூணுக்கு அப்புறம் எண்பத்தாறு வருது. ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டிருக்கு."

மெதுவாகப் பிரிக்கும் சத்தம் போனில் கேட்டது. அக்கா மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"இருக்கு" என்றார் அவர். "ஒரு பத்தி இருக்கு. படிக்கிறேன். ஒருவர் காத்திருக்கிறேன் என்று சொன்ன அந்தக் கணமே, அவருக்கு நன்மையாக நீடித்துக்கொண்டிருக்கும் எல்லாம் முடிந்துவிடும். தீமையாக நீடிப்பவை அவர் முறையை எடுத்து முடிக்கும் வரை தொடரும். காத்திருந்து யாரும் லாபம் பார்க்க முடியாது." கொஞ்சம் தயங்கி, "இது உன் நோட்டுல இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் அக்கா.

"காபிக் கறை. பக்கம் பூரா இருக்கு."

"யாரு கொட்டினது?"

"யாரு கொட்டியிருப்பா? நான்தான். நீ அப்ப திட்டினது ஞாபகம் இருக்கு. என்ன கொட்டினேன்னு இப்பதான் தெரியுது."

அக்கா சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்று அவர் சொன்னார். அக்கா நன்றி சொல்லி வைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் படங்கள் வந்தன. அக்கா பெரிதாக்கி ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார்.

"அப்ப தம்பி சொன்னதுதான் சரி" என்றேன்.

"அவன் சொன்ன முடிவு சரி. சொன்ன காரணம் தப்பு." போனைப் பைக்குள் போட்டார். "ஆனா அது இல்லை விஷயம். இந்தப் பத்தி நோட்டுல இருந்திருந்தா நான் காத்திருந்திருக்கவே மாட்டேன். மறுபடி அரண் போட்டிருப்பேன். அந்தப் பொண்ணோட ஆள் விழுந்திருக்காது."

வெள்ளிக்கிழமை காலை, ஆச்சரியமாக, அந்தப் பெண்ணே கடைக்கு வந்தாள். ஃப்ரேம் லூஸாகிவிட்டது, குனிந்தால் கண்ணாடி நழுவுகிறது என்றாள். இரவு டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள்; மூக்கில் முகக்கவசத்தின் தடம் இருந்தது. நான் திருகாணியை முறுக்கிக்கொண்டே அக்கா விஷயத்தைச் சொன்னேன். போன் செய்தது, பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது, அக்கா மனசொடிந்து போயிருப்பது, எல்லாம். சொல்லும்போதே எனக்கு ஒரு நிறைவு. நாங்கள் அவளுக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியட்டும்.

அவள் கேட்டுவிட்டு, "அதனால நான் வராம இருந்தேன்னு நினைச்சீங்களா?" என்றாள்.

"இல்லையா?"

"அரண் இருந்துச்சா போச்சான்னு எனக்கு ஒண்ணும் இல்லைங்க அண்ணே. கண்டக்டர் சொன்னா சரி." கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். "மிருகத்துக்கு அடுத்து யாரு முறை?"

நான் யோசித்தேன். பதினெட்டு, பதினைந்து, பதினொன்று.

"உங்களது."

"என்னோடது. நோட்டுல முப்பதாம் பக்கத்துல இருக்கு. உயிர் பூஜ்யத்துக்கு வந்தா ஆள் விழுந்துடும், சாகாது. தன் முறை வரும்போது ஒரு தடவை உருட்டலாம். பதினொண்ணும் அதுக்கு மேலயும் விழுந்தா எழுந்துக்கும். அதுக்குக் கீழ விழுந்தாத்தான் சாவு. அன்னைக்கு நான் ரெண்டு தடவை சொல்ல ஆரம்பிச்சேன். ரெண்டு தடவையும் ஒரு நிமிஷம் இருங்கன்னீங்க. முதல் தடவை அக்கா. ரெண்டாவது தடவை நீங்க."

திருகாணி கையிலிருந்து நழுவி எங்கேயோ போய்விட்டது. மேசைக்கு அடியில் குனிந்து தேடுவதாகக் கொஞ்ச நேரம் பாவனை செய்தேன். தேநீர்க் கெட்டிலோடு நின்றபடி, "சிஸ்டர், ஒரு நிமிஷம் இருங்க, இதை முடிச்சுடலாம்" என்று நான் சொன்னது நன்றாக ஞாபகம் வந்தது.

"வார்டுல இப்படித்தான்" என்றாள் அவள், மேலிருந்து. "படுக்கையைச் சுத்தி நாலு பேர் நின்னு பேஷண்டைப் பத்தியே பேசுவாங்க. பேஷண்ட் ஏதோ சொல்ல வர்றது யாருக்கும் தெரியாது. சனிக்கிழமையும் அப்படின்னா எதுக்கு வரணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

வேறு திருகாணி போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு வாருங்கள் என்றேன். பார்க்கலாம் என்றாள். அன்று மாலை தம்பியையும் அக்காவையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவள் சொல்ல வேண்டியதை மறுபடியும் நான் எடுத்துச் சொல்வதா? பேசாமல் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை அவள் வந்தாள். அக்கா அவளுக்கு முன்பே வந்து, முன்னாள் அனுப்பிய பக்கங்களை அச்செடுத்து நாலு பிரதி வைத்திருந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்று. தம்பி அவன் பிரதியைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்; அவ்வளவு பெரிய வெற்றியை அவன் அவ்வளவு அமைதியாக வைத்துக்கொண்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"முதல்ல நான் ஒண்ணு சொல்லணும்" என்று அக்கா ஆரம்பித்தார். "தப்பு முழுக்க என்னோடது. ஒரு பத்தி விட்டுப்போச்சு. அதனால, நியாயமா பார்த்தா, நான் காத்திருக்கேன்னு சொன்ன இடத்துக்கே திரும்பிப் போகணும். சிஸ்டர், உங்க ஆள்..."

"அக்கா, ஒரு கேள்வி" என்றேன். "தம்பி, இப்ப யாரு முறை?"

அவன் தன் பட்டியலைப் பார்த்தான். பென்சிலால் கீழே இறங்கினான். நின்றான். பிறகு நோட்டை எடுத்துப் புரட்டினான், முப்பதாம் பக்கத்துக்கு. படித்துவிட்டு அக்கா பக்கம் தள்ளினான். அக்கா படித்தார். அது அவரே எழுதியது. அதில் ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை.

"ஐயோ" என்றார்.

"சிஸ்டர்" என்றான் தம்பி, "உங்க முறைங்க. ரெண்டு வாரமா உங்க முறைதான். மன்னிச்சுடுங்க."

அக்கா விடவில்லை. "அது சரி, ஆனா திரும்பிப் போனா அவங்க விழவே வேண்டியதில்லையே. அதானே அவங்களுக்கு நல்லது?"

நர்ஸ் மருந்து டப்பாவைத் திறந்து பகடையை எடுத்தாள். "பின்னாடி எல்லாம் போக வேண்டாம்கா. நீங்க காத்திருந்தது என்னைக் காப்பாத்தத்தான்னு தெரியும். ஆனா நான் பின்னாடி போவேன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. நான் முன்னாடி போறதா இருந்தேன். மிருகத்துக்குப் பின்னாடி போய் நின்னு அண்ணனுக்குக் குறி காட்டலாம்னு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அக்கா நாற்காலியில் சாய்ந்தார். பிழை திருத்துபவருக்கே உரிய பழக்கத்தில் உதட்டை அசைத்து அந்த வாக்கியத்தை ஒருமுறை தனக்குள் படித்துப் பார்த்ததுபோல் இருந்தது. "கேக்கல" என்றார். "கேட்டிருக்கணும்."

"பரவாயில்லை. இப்ப உருட்டறேன்."

பகடை மேசையில் ஓடி, எழுத்துப் பலகை வெளிச்சத்தில் நின்றது. ஏழு.

தம்பியின் முகத்தைப் பார்த்தால், அந்த ஏழை எப்படியாவது பதினேழாகப் படிக்க அவன் தயாராக இருந்தான் என்று தோன்றியது. அவள் அவனை முந்திக்கொண்டாள்.

"ஏழு. போயிட்டா." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி மூணு இருபத்தஞ்சு. எழுதிக்குங்க."

"எதுக்கு?" என்றான் தம்பி.

"நேரம் எழுதாம முடிக்கக் கூடாது."

அவன் பட்டியலில் எழுதினான். அவள் எட்டிப் பார்த்து, சரியாக எழுதியிருக்கிறானா என்று சரிபார்த்தாள். தன் பாத்திரத்தின் விவரத்தாளை நாலாக மடித்து டப்பாவுக்குள் வைத்தாள். எட்டு மாதமாக அந்தத் தாளில் பென்சிலால் எழுதி அழித்து எழுதி, ஓரங்கள் நைந்து போயிருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அழுதாளா என்றால் எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை.

"அடுத்து அக்காதானே?" என்றாள். "காத்திருக்கேன்னு சொன்னீங்களே, என் முறை முடிஞ்சதும் எடுத்துக்கறேன்னு."

"ஆமா" என்றார் அக்கா. பகடையை எடுத்தார். "வெட்டறேன்."

பத்தொன்பது விழுந்தது. அதற்கடுத்து நான் விட்ட அம்பும் பட்டது; ஆறு வருடத்தில் முக்கியமான நேரத்தில் பட்ட முதல் அம்பு என்று தம்பி அறிவித்தான். மிருகம் மேலும் இரண்டு சுற்று தாங்கியது. இரண்டு சுற்றும் நர்ஸ் பட்டியலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, யார் முறை என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என் முறையில் அக்கா ஏதோ யோசனை சொல்ல வாயெடுத்தபோது, பென்சிலால் மேசையில் ஒரு தட்டு. அக்கா அடங்கினார். தம்பியின் முகம் மலர்ந்தது. அவன் நடுவில் பேசியபோது அவனுக்கும் அதே தட்டுதான்.

அடுத்த வாரத்தில் அக்கா நோட்டைப் புதிதாக எழுத ஆரம்பித்தார். வரை என்று வரும் ஒவ்வொரு இடமும் தொடங்கும் வரை, முடியும் வரை என்று பிரிந்தது. அப்படிப் பதினேழு இடம் இருந்ததாம். எழுதிய பக்கங்களை முதலில் படிக்கிறவள் நர்ஸ். புரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவாள். அக்காவின் பிழையை இன்னொருவர் திருத்துவதைப் பார்க்க அச்சகத்திலிருந்தே ஆட்கள் வருவார்கள் என்றான் தம்பி. முன்னாள் மீதிப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பினார், வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்ததா என்று பார்க்கச் சொல்லி. அக்கா பதில் அனுப்பினாரா என்று நான் கேட்கவில்லை.

நர்ஸ் புதுப் பாத்திரமாக ஒரு திருடியை உருவாக்கினாள். கட்டுப் போடுகிற வேலை வாரத்தில் ஆறு நாளும் போதும் என்றாள். அந்தத் திருடியின் முதல் சண்டை ஒரு கிடங்கில். வரிசைக்காக உருட்டினோம். அவளுக்கு இருபது விழுந்தது.

"சிஸ்டர், நீங்கதான் முதல்" என்றான் தம்பி. "கதவுல ரெண்டு காவலாளி. என்ன பண்றீங்க?"

"கொஞ்சம் யோசிக்கணும்" என்றாள்.

அவள் யோசித்தாள். கதவைப் பற்றி எனக்கு ஒரு நல்ல யோசனை இருந்தது. அக்காவுக்கும் ஒன்று இருந்தது என்று அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை.